பழி யாரைச் சேரும்?

பழி சுமத்துதல் எளிது. பழிக்கு உரியவர் இவர்தாம் என்று துணிதல் அரிது. எளியதை முன்னே செய்து, அரியதைப் பின்னே தள்ளி வைத்தல் மக்கள் இயல்பு. ஒரு தீங்கு நேர்ந்தவிடத்து, அதன் அருகே நின்றவர் எவரோ அவரையே கண் முதலிற் காணும்; கண் கண்டவரையே நாவும் பழிக்கும். தீங்கை விளைத்தவன் ஆயிரங் காதத்திற்கு அப்பால் இருக்கலாம். அது வாராமற் காக்கக் கடமைப்பட்டவன் அடுத்த அறையிற் கண்ணயர்ந்திருக்கலாம். அவ்விருவரையும் நாடிச் செல்வதற்கு ஆராய்ச்சி வேண்டும். அருகே நின்றவரைப் பற்றிக்கொள்ளுதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. உலகத்திற் குற்றமற்றோர் பலர் தண்டம் பெற்றமைக்குக் காரணம் தீயோர் மிகுதி மட்டுமன்று. ஆராய்வோர் குறைவும் ஆகும்.

வகுப்பறையிற் கணினி வந்து புகுந்த நாள் முதலாக இவ்வியல்பு ஒரு புதிய கொடுமைக்கு இடமாயிற்று. மாணவனோ ஆசிரியரோ நற்பொருள் ஒன்றைத் தேடிக் கணினியின் முன் அமர்கின்றார். அவர் வேண்டாத, விரும்பாத, காண நாணும் படமொன்று திரையின்மீது தானே எழுந்து நிற்கின்றது. ‘பாப்-அப்’ என்று வழங்கப்படும் அத்திடீர்ச் சாளரத்தைக் கண்டவர் அனைவரும் உடனே கேட்கும் கேள்வி ஒன்றே: ‘முன்னே அமர்ந்திருப்பவர் யார்?’ அக்கணினியைக் காப்பது யார் கடமை, அக்கடமை செய்யப்பட்டதா என்னும் கேள்விகள் எழுவதில்லை. எழுந்தாலும் தண்டம் விதித்த பின்னரே எழுகின்றன. இவ்வழக்கம் நீதிக்கு மாறானது என்பது மட்டும் என் கருத்தன்று. இளையோரைக் காத்தற்பொருட்டு என்று சொல்லிச் செய்யப்படும் இச்செயல், அவர்தம் காவலையே கெடுக்கின்றது என்பதும் என் துணிபு. உலகம் அறிந்த ஒரு வழக்கைக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கனெக்டிகட் மாநிலத்தில் நார்விச் என்பது ஓர் ஊர். 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், அவ்வூர்க் கெல்லி நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பிற்கு மாற்றாசிரியை ஒருவர் வந்தார். அவர் பெயரை யான் ஈண்டு எழுதேன். அப்பெயரை உலகம் வேண்டிய அளவினும் மிகுதியாகத் தூற்றியாயிற்று. மாற்றாசிரியர்களுக்குத் தனிக் கடவுச்சொல் இல்லாமையால், வகுப்பின் நிலையான ஆசிரியரே காலையிற் கணினியைத் திறந்து வைத்தார். அதனை அணைத்துவிடலாகாது என்று தமக்கு அறிவிக்கப்பட்டதாக அம்மையார் பின்னர் உரைத்தார். அவர் சிறிது நேரம் வெளியே சென்று மீண்டபோது, மாணவர் சிலர் கணினியைச் சூழ்ந்து நின்று, முடி ஒப்பனை பற்றிய வலைப்பக்கம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தனராம். அதன்பின் நாணத்தக்க படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழலாயின. ஒன்றை மூடினார், வேறொன்று எழுந்தது. அதனையும் மூடினார், மற்றும் சில எழுந்தன. திரையை மாணவர் காணாவண்ணம் தடுக்க முயன்றதாகவும், இடைவேளையில் ஆசிரியர் அறைக்குச் சென்று உதவி வேண்டியும் தக்க உதவி கிட்டவில்லை என்றும் அவர் கூறினார். அன்று மாலை பிள்ளைகள் வீடு சென்று கண்டதைச் சொன்னார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தனர். அக்கொதிப்பில் தவறொன்றும் இல்லை.

தவறு அதன்பின் நேர்ந்தது. காவல்துறையினர் அக்கணினியின் வன்தட்டை எடுத்து, எந்தெந்தப் பக்கங்கள் திறக்கப்பட்டன என்ற பட்டியலைத் தயாரித்தனர். அப்பக்கங்களைத் திறந்தது மனிதக் கையா, கணினியினுள் ஒளிந்திருந்த தீநிரலா என்பதை அவர்கள் தேடிப் பார்க்கவில்லை. 2007-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், அறுவர் கொண்ட நடுவர் குழு, சிறார்க்குத் தீங்கு நேரும் நிலையை உண்டாக்கினார் என்ற நான்கு குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என முடிவு செய்தது. அக்குற்றங்களுக்கு விதிக்கத்தக்க உச்ச தண்டனை எத்துணை? மொத்தம் 40 ஆண்டுச் சிறை! கொலைஞர் சிலரும் அத்துணைக் காலம் சிறையில் இருப்பதில்லை. அவர் சார்பில் வந்த கணினி வல்லுநர், தாம் ஆராய்ந்து கண்டவை அனைத்தையும் மன்றத்தில் விளக்குதற்கு இடம் பெறவில்லை. அச்செய்திகள் முன்னரே எதிர்த்தரப்பிற்கு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நிற்க. அக்கணினி எந்நிலையில் இருந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். அதில் இயங்கியது விண்டோஸ் 98. அந்நாளிலேயே ஆறு ஆண்டு பழையது. வைரஸ் தடுப்பு மென்பொருளோ காலங்கடந்த சோதனைப் பதிப்பு. உளவு நிரல்களைத் தடுக்கும் மென்பொருள் அறவே இல்லை. தகாத பக்கங்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியின் உரிமம் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாதிருந்தது. கூட்டரசின் சலுகையால் இணையத் தொடர்பு பெறும் பள்ளிகள் இத்தகைய வடிகட்டியை வைத்திருத்தல் வேண்டும் என்று அமெரிக்கப் பேராயம் 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருந்தது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். அதே 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், விண்டோஸ் எக்ஸ்பி என்னும் புதிய அமைப்பிற்கு வெளிவந்த இரண்டாம் சேவைத் தொகுப்பு, திடீர்ச் சாளரங்களைத் தடுக்கும் வசதியை உலாவியோடு சேர்த்தே வழங்கிற்று. பழைய விண்டோஸ் 98-க்கு அப்பேறு கிட்டவில்லை. எனவே, பூட்டும் இல்லை, தாழும் இல்லை, காவலனும் இல்லை. அத்தகைய வீட்டில் ஒரு நாள் மட்டும் தங்க வந்த விருந்தினரைப் பார்த்து, ‘திருடன் நுழைந்ததற்கு நீயே பொறுப்பு’ என்றனர்.

இத்திடீர்ச் சாளரங்கள் எழும் முறையை அறியாதார்க்கு ஓர் ஐயம் தோன்றும். ‘ஒருவர் தேடாமல் இவை எங்ஙனம் வரும்?’ என்பதே அவ்வையம். விடை எளிது. ஒரு வலைப்பக்கம் என்பது எழுத்தும் படமும் மட்டும் அன்று. அதனுள்ளே கட்டளைகளும் எழுதப்பட்டிருக்கும். ‘இப்பக்கம் திறந்தவுடன் இன்னொன்றைத் திற’ என்று ஒரு கட்டளை எழுதலாம். ‘இப்பக்கத்தை மூடினால் வேறு மூன்றைத் திற’ என்றும் எழுதலாம். அவ்வாறாயின், அஞ்சி மூடுபவரின் கையே மேலும் பலவற்றைத் திறக்குங் கையாகி விடுகின்றது. மழை விட்ட மாலையில் ஈசற் புற்றின் ஒரு வாயை அடைத்தால் மறுவாய் வழியே ஈசல் பொங்கி எழுவதைப் போன்றது அது. அன்றியும், மூடுதற்கு உரிய குறிபோல ஒரு பெருக்கற்குறியைப் படத்திலேயே வரைந்து வைக்கும் வஞ்சகரும் உளர். அதனை அழுத்துவோர் மூடுவதாக எண்ணி விளம்பரத்தையே திறக்கின்றார். இவற்றிற்கு மேலாக, ஏதேனும் இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு கணினியிற் குடிபுகும் விளம்பர நிரல், யாரும் எதனையும் தொடாத போதும் தன் போக்கிற் சாளரங்களைத் திறந்துகொண்டே இருக்கும். நார்விச் கணினியில் அத்தகைய நிரல் ஒன்று அக்டோபர் 19-ஆம் நாளுக்குச் சில நாட்கள் முன்னரே புகுந்திருந்தது என்பதைப் பின்னர் ஆராய்ந்த வல்லுநர் கண்டனர்.

இத்திடீர்ச் சாளரம் பிறந்த வரலாறும் அறியத்தக்கது. 1990-களில் டிரைபாட் என்னும் நிறுவனத்திற் பணிபுரிந்த ஈதன் சக்கர்மன் என்பார் தாமே இதற்கான நிரலை எழுதியதாக 2014-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டு, உலகத்தாரிடம் மன்னிப்பும் வேண்டினார். மோட்டார் வாகன நிறுவனம் ஒன்றின் விளம்பரம் ஆபாசமான பக்கமொன்றில் இடம்பெற்றுவிட்டது, அந்நிறுவனம் வெகுண்டது, விளம்பரத்தைப் பக்கத்தோடு ஒட்டாமற் பிரித்துக் காட்டுதற்கே தனிச் சாளரம் வகுக்கப்பட்டதாம். அழுக்கிலிருந்து விளம்பரத்தைப் பிரித்தற்கு வகுத்த சூழ்ச்சி, அழுக்கையே விளம்பரமாக்கிப் பிள்ளைகளின் முன் கொண்டு வந்து நிறுத்தும் கருவியாயிற்று. இதனை ஆக்கினோன் தன் பங்கினை உணர்ந்து வருந்துகின்றான். ஆனால் இதன் முன்னே அமர நேர்ந்த ஆசிரியைக்கோ சிறை காட்டப்பட்டது. பொறுப்பின் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் உள்ளன என்பதை இதனாலும் அறியலாம்.

தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இவ்வழக்கைப் படிக்குந்தோறும் மதுரையின் பழங்கதை நினைவிற்கு வாராதிருப்பதில்லை. சிலப்பதிகாரத்திற் கோவலன் கையிற் சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பு காணாமற் போயிருந்தது. இவ்விரண்டையும் இணைத்துச் சொன்னவன், அச்சிலம்பை உண்மையிற் களவாடிய பொற்கொல்லன். கையில் இருந்ததே களவுக்குச் சான்று எனக் கொண்டான் பாண்டியன். அரசியின் சிலம்பில் உள்ள பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம். உண்மை சிலம்பின் உள்ளே இருந்தது. உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். ஆனால் உடைத்துப் பார்த்தது கோவலன் வெட்டுண்ட பின்னரே. நார்விச்சிலும் உண்மை கணினியின் உள்ளே இருந்தது. அதனைத் திறந்து பாராமல், அது யார் முன்னே இருந்தது என்பதையே சான்றாகக் கொண்டனர். பாண்டியன் தன் பிழை விளங்கியவுடன் அரியணையிலேயே உயிர் துறந்தான். இக்காலத்து நாம் அத்துணை வேண்டேம். தண்டிப்பதற்கு முன் சிலம்பை உடைத்துப் பார்க்கும் பொறுமை ஒன்றே வேண்டுவோம்.

கணினியின் குறிப்பேடு பொய் சொல்லாது என்று சிலர் கூறுவர். பொய் சொல்லாது என்பது மெய்யே. ஆயின் அது சொல்வது யாது என்பதை அறிந்து கேட்டல் வேண்டும். ‘இன்ன நேரத்தில் இன்ன பக்கம் வந்தது’ என்று மட்டுமே அக்குறிப்பேடு கூறும். ‘இன்னார் விரும்பி அழைத்தார்’ என்று அது ஒருகாலும் கூறாது. வாயிற் காவலன் எழுதி வைக்கும் ஏட்டில் வந்தவர் பெயர் இருக்கும். வந்தவரை வீட்டார் அழைத்தனரா, அவர் தாமே புகுந்தனரா என்பது இராது. நார்விச் வழக்கில் ஒரு வலைப்பக்கத்து இணைப்பின் எழுத்துகள் சிவப்பாக இருந்தமை, அதனை ஆசிரியை அழுத்தினார் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பின்னர் ஆராய்ந்தோர், அச்சிவப்பு அப்பக்கத்தை இயற்றியவர் எழுத்துகளுக்கு இட்ட நிறமே என்று எடுத்துக்காட்டினர். நிறத்தின் பொருளை அறியாமையால் ஒருவர் வாழ்வு சிறைவாயிலிற் சென்று நின்றது.

அவரை மீட்டது யார்? வழக்கைப் பற்றிக் கேள்வியுற்ற கணினிப் பாதுகாப்பு வல்லுநர் சிலர், கூலி பெறாது முன்வந்து வன்தட்டின் படியை முறையாக ஆராய்ந்தனர். கணினி விஞ்ஞானப் பேராசிரியர் பலரும் அவர் பொருட்டுக் குரல் எழுப்பினர். 2007-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், நீதிபதி முன்னைத் தீர்ப்பை ஒதுக்கிப் புதிய விசாரணைக்கு ஆணையிட்டார். ஆயினும் பழி அத்துடன் ஒழிந்ததில்லை. வழக்கு மேலும் ஓராண்டிற்கு மேல் தொங்கிற்று. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், உடல் நலம் குன்றிய அவ்வம்மையார், ஒழுங்கீனமான நடத்தை என்னும் சிறு குற்றத்தை ஏற்றுக்கொண்டு, 100 டாலர் தண்டம் செலுத்தி, தம் ஆசிரிய உரிமத்தையும் திருப்பிக் கொடுத்தார். நாற்பது ஆண்டு என்று முழங்கிய வழக்கு நூறு டாலரில் முடிந்தது! நூறு டாலருக்கு உரிய குற்றமாயின், நாற்பது ஆண்டு ஏன்? குற்றமே இல்லையாயின், நூறு டாலரும் உரிமமும் ஏன்? இக்கேள்விகளுக்கு விடை கூறுவார் இல்லை. இழந்த நான்கு ஆண்டுகளைத் திருப்பிக் கொடுப்பாரும் இல்லை.

இஃது ஒருவர்க்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று கருதலாகாது. பக்கத்து மாநிலமாகிய மாசச்சூசெட்ஸில், 2007-ஆம் ஆண்டு, அரசு அலுவலர் ஒருவர்க்கு அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் தகாத படங்கள் காணப்பட்டன. அவர் வேலை பறிக்கப்பட்டது, குற்றமும் சாட்டப்பட்டது. அக்கணினி தீநிரல்களால் நிறைந்திருந்தது என்பதும், அதன் பாதுகாப்பு மென்பொருள் சரிவர இயங்கவில்லை என்பதும் பின்னரே தெரியவந்தன. 2008-ஆம் ஆண்டு அவ்வழக்குக் கைவிடப்பட்டது. முதலில் தண்டம், பின்னர் ஆராய்ச்சி என்னும் அதே தலைகீழ் முறையே ஈண்டும் காண்கின்றோம்.

இனி, எதிர்வாதம் செய்வார் கூற்றையும் நடுவுநிலையோடு நோக்கல் வேண்டும். ‘அவ்வாசிரியை கணினியை அணைத்திருக்கலாமே, அணைக்கக் கூடாதெனில், தம் மேலாடையைக் கழற்றித் திரையின்மேல் இட்டு மறைத்திருக்கலாமே’ என்பர். ஆம், மறைத்திருக்கலாம். கணினியை அணையாமலே திரையை மட்டும் அணைக்கும் பொத்தான் ஒன்று உண்டு என்பதையும் அவர் அறிந்திருக்கலாம். அறிந்து செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆயின், தீப்பற்றிய வீட்டிலிருந்து ஓடி வந்தவனை நோக்கி, ‘வலப்பக்கத்துக் கதவை முதலிற் சாத்தியிருக்கலாமே’ என்று மறுநாள் நிழலில் அமர்ந்து கூறுதல் யாவர்க்கும் எளிது. பதைப்பிற் செய்த பிழை வேறு. நெஞ்சறிந்து செய்த குற்றம் வேறு. முன்னதற்கு அறிவுரை தகும். பின்னதற்கே தண்டம் தகும். இவ்விரண்டையும் ஒரு தராசில் இட்டு நிறுத்தல் அறமன்று.

‘பிள்ளைகளின் மனம் மாசுபடலாகாது, அதன்பொருட்டுச் சிறிது கடுமை வேண்டும்’ என்பர் மற்றொரு சாரார். பிள்ளைகளின் மனத்தூய்மை பெரும் பொருள் என்பதில் எனக்கும் அவர்க்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அக்கடுமையை யார்மீது காட்டினால் பிள்ளைகள் காக்கப்படுவர்? ஆசிரியையைச் சிறையிலிட்டால் வடிகட்டியின் உரிமம் தானே புதுப்பிக்கப்படுமா? மாணவனை வெளியே நிறுத்தினால் கணினியினுள் இருக்கும் விளம்பர நிரல் நாணித் தானே வெளியேறுமா? மறுநாள் அதே கணினியின் முன் வேறொரு குழந்தை அமரும். அதே படம் மீண்டும் எழும். பழிக்கு ஒருவர் கிடைத்தவுடன், பழுதை நீக்கவேண்டும் என்ற எண்ணமே எவர்க்கும் எழுவதில்லை. பழி அகப்பட்டது, ஆதலின் பழுது மறக்கப்பட்டது.

இவ்விடத்து என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூறுதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். யான் பதினோராம் வகுப்பிற் பயின்ற பள்ளியில், என் தோழன் ஒருவன் கணினி அறையில் அமர்ந்து பழைய வினாத்தாள் ஒன்றைத் தேடினான். ‘பதிவிறக்கு’ என்று பெரிதாக எழுதியிருந்த பொத்தானை அழுத்தினான். நாணத்தக்க படம் திரை நிறைய எழுந்தது. அவன் முகம் வெளிறிற்று, கை நடுங்கிற்று, ஒலியும் எழவே, அறை முழுதும் திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் வந்தார். ‘சார், நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு ஆகிவிட்டது. மறுநாள் அவன் தந்தையார் ஒரு நாட் கூலியை இழந்து வந்து, தலைமையாசிரியர் அறையின் முன் கைகட்டி நின்றார். அன்று அவர் மகனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அதுவே அவனுக்கு அடியினும் பெருந்தண்டமாயிற்று. கணினிப் பாடத்தில் வகுப்பில் முதல்வனாய் இருந்தவன், அதன்பின் அவ்வறைக்குள் இறுதியாய் நுழைந்து முதலாய் வெளியேறுவானாயினான். இன்று அவன் பயில்வது கணினிக்குத் தொடர்பில்லாத வேறொரு துறை.

இதில் யான் மறைத்த செய்தி ஒன்று உண்டு. அதற்கு முந்திய வாரம் அதே கணினியில் அதே படம் என் முன்னும் எழுந்தது. யான் ஒருவரும் பாராமல் மின்விசையை அணைத்துவிட்டு எழுந்து சென்றேன், எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ‘நீ என்ன தேடினாய்?’ என்பதே முதற் கேள்வியாய் இருக்கும் என்பதை அறிந்திருந்தேன். அன்று யான் சொல்லியிருந்தால் அக்கணினி ஒருவேளை சீர் செய்யப்பட்டிருக்கும்; என் தோழனும் அவன் தந்தையாரும் அவ்வாயிலில் நின்றிரார். அவன் நின்றபோதாவது, ‘ஐயா, இவன் சொல்வது மெய், எனக்கும் இவ்வாறே நேர்ந்தது’ என்று யான் எழுந்து கூறியிருக்கலாம். அதுவும் கூறினேனல்லேன். பழிக்கு அஞ்சிய என் வாய் பழியற்றவனைக் காட்டிக்கொடுத்தது. இக்கட்டுரையை எழுதப் புகுந்ததும் அக்கடனிற் சிறிதளவேனும் தீர்ப்பதற்கே.

என் குற்றத்தை மறைத்தற்கு இதனைச் சொல்கின்றேனல்லேன்; இதனுள் ஒரு பொது உண்மை இருத்தலாற் சொல்கின்றேன். எங்கே கண்டவரே குற்றவாளி ஆவரோ, அங்கே கண்டவர் கூறார். கூறாவிடிற் பழுது தெரியாது. தெரியாவிடின் திருத்தப்படாது. ஆகவே, ஆராயாது சுமத்தும் பழி, தீங்கிற்கு வேலி ஆவதில்லை. தீங்கு ஒளிந்துகொள்ளும் புதர் ஆகின்றது. கிணற்றில் நஞ்சு கலந்திருப்பதைக் கண்டு சொன்னவனையே கலந்தவன் என்று கட்டி வைக்கும் ஊரில், அடுத்த முறை நஞ்சு கலந்தால் எவன் வந்து சொல்வான்?

ஆயின் செய்யத்தக்கது யாது? அஃது அரிதான ஒன்றன்று. கணினியை வகுப்பில் வைப்போர், அதனைக் காக்கும் பொறுப்பையும் உடன் ஏற்றல் வேண்டும். இயங்கு மென்பொருளும் பாதுகாப்பு மென்பொருளும் வடிகட்டியும் என்று புதுப்பிக்கப்பட்டன என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி, அறையிலேயே வைத்தல் நன்று. தற்காலிகமாக வரும் ஆசிரியர்க்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்தல் வேண்டும். பிறர் திறந்து வைத்த கணினியில் ஒருவரை அமர்த்துதல், பிறர் கையெழுத்தின் கீழ் அவரைப் பொறுப்பாக்குவதாகும். தகாத படம் எழுந்தால், முதலிற் திரையை அணைத்து, உடனே பொறுப்பாளர்க்கு அறிவிக்க வேண்டும் என்பதை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே கற்பித்தல் வேண்டும். அவ்வாறு அறிவித்தவர்மேல் அறிவித்த காரணத்தாற் பழி வாராது என்ற உறுதியும் உடன் அளித்தல் வேண்டும். ஐயத்திற்கு இடம் நேர்ந்தால், கணினியின் உட்புறத்தை அறிந்த ஒருவர் ஆராய்ந்து கூறும் வரை எவர் பெயரும் வெளியிற் செல்லலாகாது. ஆராய்ந்த பின், வேண்டுமென்றே தீயதை நாடினார் எவரேனும் இருப்பின், அவரைத் திருத்துதற்கு எவர் தடை சொல்வார்?

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று பள்ளிகளில் ஆசிரியராகவும், அலுவலகங்களில் அதிகாரிகளாகவும், மன்றங்களில் வழக்கறிஞராகவும் விளங்குகின்றனர். அவர்தம் மேசையின் முன்னே இத்தகையதொரு வழக்கு என்றேனும் வந்து நிற்கலாம். முகம் வெளிறி, கை நடுங்கி, ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று ஒரு மாணவனோ ஓர் ஆசிரியையோ சொல்லக் கேட்கலாம். அச்சொல் மெய்யாயும் இருக்கலாம், பொய்யாயும் இருக்கலாம். அஃது எதுவென ஆராய்ந்து அறியும் வரை தீர்ப்பைச் சிறிது நிறுத்தி வைக்க அவர்களை வணக்கத்தோடு வேண்டுகின்றேன். என்னுடன் பயிலும் நண்பர்களை வேண்டுவது வேறொன்று. அருகிருப்பவன்மீது பழி விழும்போது, நாம் அறிந்த உண்மை ஏதேனும் இருப்பின், அதனை எழுந்து நின்று சொல்வோமாக. ஒரு நிமிடத்து நாணம் நமக்கு நேரலாம். ஆனால் ஒருவன் தந்தை, தன் மகன் முகத்தை நிமிர்ந்து பார்த்து வீடு திரும்புவார்.